‘எ பிட் விண்டி’: கார்டிஃபில் ஒரு புயல் வாரம்

வேதாரண்யம் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் ஆங்கிலம் எடுத்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவள் நான். மகன் பிரிட்டனில், வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் இருக்கிறான். கொரோனாவால் இரண்டு வருஷமாகப் பார்க்க முடியாத பேரனைப் பார்க்க 2022 பிப்ரவரியில் போனேன். நான் போன அந்த ஒரே வாரத்தில் மூன்று புயல். ராத்திரி ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததைத்தான் இங்கே நாள் நாளாகப் போடுகிறேன். என் ஆங்கிலத்தைப் பார்த்துப் பேரன் சிரித்த இடங்களையும் விடவில்லை.

பிப்ரவரி 14, திங்கள் – ஈஸ்ட் ஹாம், லண்டன்

பழைய மாணவி ஒருத்தி வீட்டில் இறங்கினேன். அவளுக்கு நாற்பது வயது ஆகிறது, இன்னும் ‘மிஸ்’தான். ஈஸ்ட் ஹாமில் வெளிநாடு வந்த உணர்வே வரவில்லை. கடைப் பலகையில் தமிழ், கல்லாவில் தமிழ், கறிவேப்பிலை ஒரு பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். கறிவேப்பிலைக்கு நூறு ரூபாயா என்று கடையிலேயே நின்றுவிட்டேன். “மிஸ், ரூபாயில கணக்குப் போட்டா இங்க தண்ணிகூடக் குடிக்க முடியாது” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

காலையிலிருந்து மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை. நனைவதும் தெரியவில்லை, காய்வதும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பாட்டியம்மா என்னைப் பார்த்து, “இட்ஸ் ஒன்லி ஸ்பிட்டிங்” என்றார். யார் துப்பினார்கள் என்று நான் தரையைப் பார்த்தேன். என் மாணவி காதருகே வந்து, “தூறலுக்கு அப்படிச் சொல்லுவாங்க மிஸ்” என்றாள். ட்ரிஸில் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். ஸ்பிட்டிங் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஸ்டேஷன் வாசலில் எட்டு பவுண்டுக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கினேன். “இங்க குடை நிக்காது மிஸ், தொப்பி வச்ச கோட்டுதான் சரி.” குடை இல்லாமல் மழை நாட்டுக்குப் போனேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 15, செவ்வாய் – கார்டிஃப்

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கார்டிஃப். வழியில் செவர்ன் ஆற்றின் அடியில் 1886-இல் திறந்த சுரங்கம் வருகிறது, ஏழு கிலோமீட்டர் இருட்டு. அந்தப் பக்கம் போனால் வேல்ஸ். அதுவரை மூக்குக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த முகக்கவசங்கள் எல்லாம் மேலே ஏறின. இங்கிலாந்தில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள், வேல்ஸில் அப்போது இன்னும் இருந்தது. ஒரே ரயில், ஒரே இருக்கை, சுரங்கத்தைத் தாண்டினால் வேறு சட்டம்.

பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநரைப் பார்த்து “சியர்ஸ், டிரைவ்” என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய கிழவர், காதில் பாட்டு மாட்டிய இளைஞன் எல்லோரும். நானும் சொன்னேன். ஓட்டுநர், “டேக் கேர், லவ்” என்றார். ஐம்பது வயது ஆள் என்னை லவ் என்கிறாரே என்று கொஞ்சம் திடுக்கிட்டது. அது நம் ‘தாயீ’ மாதிரி என்று மகன் சொன்னபிறகுதான் சமாதானம்.

வீட்டுக்கு நடந்து போகும்போது முகத்தில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. பேரன் வானத்தைப் பார்த்து, “அப்பாயி, இட்ஸ் பிக்கிங் டு ரெய்ன்” என்றான். தப்பாகப் பேசுகிறான் என்று திருத்தப் போனேன். தெற்கு வேல்ஸில் மழை எடுக்கத் தொடங்குவதற்கு அப்படித்தான் சொல்வார்களாம், வெல்ஷ் மொழியிலிருந்து வந்த வழக்கு. இரண்டு நாளில் இரண்டு புதுச் சொல். இரண்டுமே தூறலுக்கு.

“கொட்டுற மழைக்கு கேட்ஸ் அண்ட் டாக்ஸ் சொல்ல மாட்டியா?” என்று கேட்டேன். ஒன்பது வயதுப் பயல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “யாரும் சொல்ல மாட்டாங்க அப்பாயி. வெல்ஷ்ல நாய் பூனை இல்ல, கிழவிங்களும் கம்பும் விழும்.” பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களாம்: ‘மாய்ன் புரு ஹேன் ராகெத் ஆ ஃபின்’, வயதான பெண்களும் தடிகளுமாகப் பெய்கிறது. பூனை நாயைவிட இதை என் மனம் சட்டென்று ஒப்புக்கொண்டது. கிழவிகள் கம்போடு இறங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 16, புதன் – கார்டிஃப் மார்க்கெட்

1891-இல் கட்டிய மார்க்கெட். இரும்பும் கண்ணாடியுமாக உயரமான கூரை, நடுவில் கடிகாரம். வாசலிலேயே மீன்கடை. கடற்கரைக்காரி வேறு எங்கே போவேன்? மட்டிச் சதையை வேக வைத்து டப்பாவில் போட்டு விற்கிறார்கள், காக்கிள்ஸ் என்று பெயர். அதன் பக்கத்தில் கரும்பச்சையாய் ஒரு கூழ். பெயர் லேவர் பிரெட், ஆனால் ரொட்டி இல்லை. கடற்பாசியை மணிக்கணக்கில் வேக வைத்துக் குழைத்தது. கடைக்காரர் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். வாயில் வைத்ததும் ஓதம் வடிந்த காலையில் கடற்கரையில் வரும் வாசனை அப்படியே வந்தது. பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஊர் ஞாபகம் வந்தது. சுடச்சுடக் கல்லில் சுட்டு, சர்க்கரை தூவிக் கொடுக்கும் வெல்ஷ் கேக் மட்டும் ஆறு வாங்கினேன், மூன்று பவுண்டு. வீடு வந்து சேரும்போது இரண்டுதான் மிச்சம்.

அன்றைக்கு வடக்கே ஸ்காட்லாந்தில் டட்லி என்ற புயல். சாயங்காலத்துக்கு முன்பே அங்கே பெரும்பாலான ரயில்களை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கம் அதன் வால்தான். இருந்தும் மார்க்கெட் வாசலில் என் எட்டு பவுண்டுக் குடை ஒரு தடவை மேல் பக்கமாகக் கவிழ்ந்து கிண்ணமாகிவிட்டது. எதிரே வந்த ஒருவர் நின்று, அதைத் திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டு, “எ பிட் விண்டி”, கொஞ்சம் காற்று, என்று சொல்லிப் போனார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெரியவர் அறிமுகம். எண்பது வயதைத் தொடுகிறார், வாலிபத்தில் சரக்குக் கப்பலில் இருந்தவர். பெயரைப் போட வேண்டாம் என்றார், கப்பல்காரர் என்றே எழுதுகிறேன். டட்லி என்பது தன் மாமா பெயர் என்றும் மாமாவும் இப்படித்தான் சத்தம் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போவார் என்றும் சொன்னார். பிரிட்டனில் 2015-இலிருந்துதான் புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களும் நெதர்லாந்துக்காரர்களும் கூட்டு. ஆங்கில எழுத்து வரிசைப்படி போகும். டி எழுத்து டட்லிக்கு அடுத்தது ஈ எழுத்து யூனிஸ். அது வெள்ளிக்கிழமை வருகிறது என்றார். எங்கள் ஊரை 2018-இல் அடித்த புயலின் பெயர் என்ன என்று கேட்டார். கஜா, இலங்கை கொடுத்த பெயர், யானை என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “உங்களுக்கு யானை வருகிறது, எங்களுக்கு அத்தையும் மாமாவும் வருகிறார்கள்.”

பிப்ரவரி 17, வியாழன் – பெனார்த்

காலை எழுந்தால் காற்று தணிந்திருந்தது. இரண்டு புயலுக்கு நடுவில் கிடைத்த இடைவெளி என்று மகன் லீவு போட்டு பெனார்த் கூட்டிக்கொண்டு போனான். 1895-இல் திறந்த, இரும்புத் தூண்களில் மரப்பலகை பாவிய பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் நுனியில் நின்றால் பழுப்புத் தண்ணீர். கடல் இப்படி மண் நிறத்திலா இருக்கும் என்று கேட்டேன். பிரிஸ்டல் கால்வாயில் ஓதம் 14 மீட்டர் வரை ஏறி இறங்குமாம், உலகத்திலேயே மிகப் பெரிய ஓதங்களில் ஒன்று. நான்கு மாடி உயரத்துக்குத் தண்ணீர் தினம் இரண்டு தடவை வந்து போனால் சேறு எங்கே படியும்? எங்கள் கோடியக்கரையில் ஒரு மீட்டர்கூட இருக்காது. முந்தின நாள்தான் பௌர்ணமி. பௌர்ணமி ஓதமும் புயலும் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு எல்லோர் வாயிலும்.

மீனும் சிப்ஸும் ஒன்பது பவுண்டு. முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், நாங்கள் மூன்று பேர் தின்றோம். வினிகரை ஊற்றியதும் மாவின் மொறுமொறுப்பு போய்விடுகிறது, அதை ஏன் ஊற்றுகிறார்கள் என்பது புரியவில்லை. கடற்கரை நாற்காலியில் உட்கார்ந்து, சிப்ஸைக் கடற்காகங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தபோது மகனின் செல்போன் கீச்சிட்டது. ரெட் வார்னிங். நாளைக் காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, தெற்கு வேல்ஸ் கரை முழுக்க, 90 வரை வீசலாம்.

90-தானா என்றேன். கஜாவுக்கு 120 வரை என்றார்கள் வானிலை அறிக்கையில். எங்கள் வீட்டுத் தென்னை பதினொன்று சாய்ந்து, 23 நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தவள் நான். இந்த 90-க்குப் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்களாம், ரயிலை நிறுத்துகிறார்களாம். வெள்ளைக்காரர்களுக்குப் பயம் ஜாஸ்தி என்று ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். முடிக்கும்வரை பேசாமல் இருந்த மகன், “அம்மா, இது மைல்” என்றான்.

90 மைல் என்றால் 145 கிலோமீட்டர். மிச்ச சிப்ஸைக் கடற்காகம் எடுத்துக்கொண்டு போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மகன் அந்த எச்சரிக்கையை வாசித்துக் காட்டினான். பறக்கும் பொருள்களால் உயிருக்கு ஆபத்து என்ற வரியை வாங்கி நானும் ஒரு தடவை சத்தமாகப் படித்தேன்: “ஃப்ளையிங் டெப்ரிஸ்.” பின் சீட்டிலிருந்து பேரன் சிரித்தான். “டெப்ரி, அப்பாயி. எஸ் சொல்லக் கூடாது.” 31 வருஷம் நான் எஸ் போட்டுச் சொல்லி, எத்தனை பிள்ளைகள் எஸ் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. என் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் மன்னித்து, இன்றோடு அந்த எஸ்ஸை விட்டுவிடவும்.

நம் ஊரில் மஞ்சள், ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்கிறார்கள். இங்கே நடுவில் இருப்பது ஆம்பர். ரெட் அலர்ட் என்றதும் நாம் இருபது சென்டிமீட்டர் மழை என்று அளவைத்தான் நினைப்போம். இவர்கள் கணக்கு வேறு. எவ்வளவு கெடுதல் ஆகும், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டையும் ஒரு கட்டத்தில் போட்டுப் பார்த்து நிறம் தீட்டுகிறார்கள். அதனால் ஒரே காற்று ஆள் இல்லாத மலையில் மஞ்சளாகவும், காலையில் வேலைக்குப் போகும் ஊரில் ஆம்பராகவும் இருக்கலாமாம்.

ராத்திரி எட்டு மணிக்குக் கப்பல்காரர் வந்து எங்கள் குப்பைத் தொட்டிகளைச் சுவரோரம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். தோட்டத்தில் பேரன் குதிக்கும் டிராம்போலினைப் பார்த்து, “காலையில் இது அடுத்த ஊரில், நியூபோர்ட்டில் இருக்கும்” என்று சொல்லி, மகனையும் கூப்பிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கயிறு போட்டார். பிறகு சமையலறையில் உட்கார்ந்து என் ரசத்தைக் கோப்பையில் வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். நான் என் பழைய பாடத்தைச் சொன்னேன்: பிரீஸ், விண்ட், கேல், ஸ்டார்ம், ஹரிக்கேன். கரும்பலகையில் ஒரு கோடு போட்டு ஏணி மாதிரி எழுதுவேன்.

“அது சரிதான்” என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்தார். காற்றின் வேகத்துக்கு எண் போடும் பியூஃபோர்ட் அளவுகோல். கப்பற்படைக்காரர் பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1800-களின் தொடக்கத்தில் பாய்மரத்தை வைத்துப் போட்ட கணக்கு. தரையில் நிற்பவர்களுக்கான அடையாளங்கள் பிற்காலத்தில் சேர்ந்தவை. இரண்டில் முகத்தில் காற்று தெரியும், இலை சலசலக்கும். நாலில் தூசியும் காகிதமும் பறக்கும். ஆறைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்: குடை பிடிப்பது கஷ்டம். இருநூறு வருஷத்துக் கணக்கில் என் எட்டு பவுண்டுக்கும் இடம் இருக்கிறது. எட்டு கேல், மரத்தின் சிறுகிளை ஒடியும், நடப்பது சிரமம். ஒன்பது சீவியர் கேல், ஓடு பெயரும். பத்து ஸ்டார்ம், மரம் வேரோடு வரும். பன்னிரண்டுக்கு எதிரே விளக்கமே சுருக்கம்.

“இதெல்லாம் நின்று வீசும் காற்றுக்கு. நாளை நீங்கள் பார்க்கப் போவது கஸ்ட்” என்றார். நம்மூரில் ‘ஒரு வீச்சு வீசிட்டுப் போச்சு’ என்பார்களே, அந்த வீச்சு. சில நொடிதான். ஆனால் கூரையைத் தூக்க அது போதும்.

எங்கள் மீனவர்களுக்குத் திசைக்கு ஒரு காற்று என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். அவருக்கு வாயில் நுழைந்தது கச்சான் ஒன்றுதான். யூனிஸ் எந்தக் காற்று என்று கேட்டார். மேற்கிலிருந்து வருவதால் கச்சான்தான் என்றேன். “கச்சான்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, காலை 5.20-க்கு ரேடியோ கேட்கச் சொல்லிப் போனார்.

பிப்ரவரி 18, வெள்ளி – வீட்டுக்குள்

ஜெட்லாக்கில் நாலு மணிக்கே விழிப்பு. 5.20-க்குச் செல்போனில் பிபிசி ரேடியோ 4 வைத்தேன். கப்பல்களுக்கான வானிலை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலை 31 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வாசிக்கிறார்கள். வைக்கிங், டாகர், ஃபிஷர், ஜெர்மன் பைட்... கோவிலில் நாமாவளி சொல்கிற மாதிரி, ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. எங்கள் பகுதி லண்டி. அது வந்தபோது அந்தப் பெண் குரலை ஒரு துளிகூட உயர்த்தவில்லை. சீவியர் கேல், ஸ்டார்ம் என்பதெல்லாம் ‘ரெண்டு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு’ மாதிரி போனது.

முந்தின ராத்திரி கப்பல்காரர் சொல்லிக் கொடுத்திருக்காவிட்டால் எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்த அறிக்கையில் இம்மினென்ட் என்றால் ஆறு மணி நேரத்துக்குள். சூன் என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு. லேட்டர் என்றால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு. சூன் என்றால் ‘சீக்கிரம்’ என்று மட்டும் சொல்லிக் கொடுத்தவள் நான், அதற்குள் கடிகாரம் இருப்பது தெரியாது. காற்று கடிகார முள் போகும் பக்கம் திரும்பினால் வியரிங், எதிர்ப்பக்கம் என்றால் பேக்கிங். கரைந்து காணாமல் போகும் தாழ்வு மண்டலத்துக்கு ‘லூசிங் இட்ஸ் ஐடென்டிட்டி’ என்று ஒரு வழக்கு இருக்கிறது. அடையாளத்தை இழக்கிறது. ஓய்வு பெற்ற வருஷம் எனக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும்.

31 பகுதியில் ஒன்றின் பெயர் ஃபிட்ஸ்ராய். 2002-க்கு முன் அதற்கு ஃபினிஸ்டெர் என்று பெயர். டார்வினை பீகிள் கப்பலில் கூட்டிக்கொண்டு போன அதே கேப்டன் ஃபிட்ஸ்ராய்தான் 1854-இல் பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கியவர். 1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் மூழ்கி நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்த பிறகு, கரையில் எச்சரிக்கைச் சின்னம் ஏற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நம் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுகிறார்களே, அந்த மாதிரி. வானிலைக்கு ஃபோர்காஸ்ட் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இது ஜோசியம் இல்லை என்று காட்ட ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது அவருக்கு.

ஏழு மணிக்கு ஒன்றும் இல்லை. மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், முந்தின ராத்திரியே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். மகன் டீ போட்டான். இதற்கா இவ்வளவு என்று மறுபடி தோன்றியது. வாயைத் திறக்கவில்லை.

எட்டரை இருக்கும். முதலில் கேட்டது வாசல் கதவில் தபால் போடும் பித்தளை மூடி. டக். கொஞ்ச நேரம் கழித்து டக் டக். அப்புறம் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி டக டக டக டக என்று நிற்காமல். பேரன் ஒரு சாக்ஸைச் சுருட்டி அதில் திணித்தான். ஒரு நிமிஷத்தில் காற்று சாக்ஸைத் துப்பிவிட்டது, கூடத்தின் நடுவில் வந்து விழுந்தது. இரண்டு சாக்ஸ் வைத்தான். சத்தம் நின்று, அந்த இடுக்கில் விசில் தொடங்கியது. மகன் கதவைக் கையால் அழுத்திப் பிடித்தபடி நின்றான். பூட்டிய கதவுதான்.

கஜாவில் நான் கேட்டது வேறு சத்தம். அது ராத்திரி. ஓயாமல் ஒரே ஓலம், அதற்குள் தென்னை முறியும் வெடிச்சத்தம். இது அப்படி இல்லை. திடீரென்று அமைதி, வீதியில் வெயில்கூட அடித்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு வீச்சு வந்து வீட்டை மொத்தமாக ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போகும். ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டு வேலிப் பலகை ஒன்று எழுந்து, நடுவீதியில் நின்று, யோசித்து, பிறகு கீழே சாய்ந்தது. ஒரு பச்சைக் குப்பைத் தொட்டி தன் சக்கரத்திலேயே தெருவில் உருண்டு போய், முனையில் திரும்பியது. எல்லோரும் ஜன்னலில் நின்று அதை வேடிக்கை பார்த்தோம். இரண்டு வீடு தள்ளி ஒரு ஓடு விழுந்து உடைந்தது. ஒன்பது என்றேன். பேரன் அட்டையைப் பார்த்து ஆமாம் என்றான்.

டிவியில் ஸ்டிங் ஜெட் என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. போர் விமானம் என்று நினைத்தேன். புயல் மேகம் கொக்கி மாதிரி வளையும் இடத்தின் நுனியிலிருந்து ஒரு குறுகிய காற்றோட்டம் மேலிருந்து தரைக்குப் பாயுமாம். சில மணி நேரம், சின்ன இடம், அங்கேதான் பெரிய சேதம். படத்தில் அந்த நுனி தேளின் கொடுக்கு மாதிரியே இருக்கிறது. 1987 அக்டோபரில் தெற்கு இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்த புயலைப் பிற்பாடு ஆராய்ந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பத்தேகாலுக்கு மின்சாரம் போனது. நாற்பது நிமிஷம். அடுப்பு கேஸ்தான், ஆனால் பற்றவைக்கக் கரண்ட் வேண்டும். வீட்டில் தீப்பெட்டி இல்லை. பிறந்தநாள் மெழுகுவர்த்தி இருக்கிறது, ஏற்ற ஒன்றுமில்லை. கடைசியில் பூஜை அலமாரியில் நான் கொண்டுபோன கற்பூரப் பொட்டலத்தோடு ஒரு பெட்டி கிடைத்தது. இரண்டே குச்சி. ஒன்று அணைந்தது, ஒன்றில் உப்புமா ஆனது.

அன்று லண்டனுக்கும் ரெட் வார்னிங் கொடுத்தார்கள். வேல்ஸில் ஒரு ரயில்கூட ஓடவில்லை. செவர்ன் ஆற்றின் மேல் உள்ள இரண்டு பாலங்களையும் காற்றுக்காக ஒரே நேரத்தில் மூடியது இதுவே முதல் தடவை என்று செய்தி. இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவின் நீடில்ஸ் முனையில் 122 மைல் அளந்தார்கள், இந்தத் தடவை நானே பெருக்கினேன், 196 கிலோமீட்டர். பிரிட்டனில் மூன்று பேர் இறந்துபோனார்கள்.

மதியம் காற்று இறங்கியதும் மகனும் பேரனும் சோபாவில் உட்கார்ந்து ஹீத்ரோவில் விமானங்கள் இறங்குவதை யூடியூபில் நேரலையாகப் பார்த்தார்கள். ஒரே ஆள், ஒரு கேமரா. கூடவே இரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். விமானங்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் வருகின்றன. சக்கரம் தரையைத் தொடப் போகும்போது ஆடி, எழும்பி, மறுபடி மேலே போய்விடுகின்றன. அதற்கு கோ-அரவுண்ட் என்று பெயர். பேரன் கைதட்டினான். திங்கள்கிழமை அதே இடத்திலிருந்து கிளம்ப வேண்டியவள் என்பதால் எனக்குக் கைதட்ட வரவில்லை.

சாயங்காலம் கப்பல்காரர் வந்தார். அவர் வீட்டு வேலி முழுசாகப் போய்விட்டது, புகைபோக்கிச் சட்டி தோட்டத்தில் நொறுங்கிக் கிடக்கிறது. எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிட் பிளோயி” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “கச்சான்” என்றார்.

பிப்ரவரி 19, சனி – கார்டிஃபிலிருந்து லண்டன்

ரயில் நிலையத்தில் பலகை முழுக்க ‘கேன்சல்டு’. வாங்கிய டிக்கெட்டைக் காட்டினேன். ஒருவர் நாளைக்குச் செல்லும் என்றார், இன்னொருவர் பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்றார், மூன்றாமவர் இரண்டுமே தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். கடைசியில் சொகுசு பஸ்தான், 22 பவுண்டு. கிளம்ப வேண்டியது பதினொன்று, கிளம்பியது ஒன்றேமுக்கால். அந்த நேரம் முழுக்கக் கிட்டத்தட்ட நாற்பது பேர் வெளியில் வரிசையாக நின்றோம். ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. ஒரு பெண்மணி மட்டும் பெருமூச்சு விட்டு, “நாட் ஐடியல்” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். அதுதான் அங்கே போராட்டம். நம்மூரில் இந்நேரம் பஸ்ஸின் முன்னால் உட்கார்ந்திருப்போம்.

செவர்ன் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. பக்கக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை ஓட்டுநர் ஒரு பக்கமாகவே பிடித்திருந்தார். பஸ் நேராகத்தான் போனது, அவர் கைகள்தான் திரும்பியிருந்தன. இறங்கும்போது நான் “சியர்ஸ், டிரைவ்” என்றேன். லண்டனில் அப்படி யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. ஆனால் ஓட்டுநர் கார்டிஃப்காரர், முகம் மலர்ந்துவிட்டது.

பிப்ரவரி 20, ஞாயிறு – ஈஸ்ட் ஹாம்

மறுபடியும் புயல். ஃபிராங்க்ளின். பெயர் வைக்கத் தொடங்கியதிலிருந்து ஒரே வாரத்தில் மூன்று வந்தது இதுவே முதல் தடவையாம். வெளியே போகவில்லை. மாணவி வீட்டில் நெத்திலிக் குழம்பு, அவள் பிள்ளைகளுக்கு கஜா கதை. தூங்கினேன்.

பிப்ரவரி 21, திங்கள் – நார்த் கிரீனிச், ஹீத்ரோ

விமானம் ராத்திரி. காலையில் மாணவி கூட்டிக்கொண்டு போய் கச்சேரி நடக்கும் ஓ2 கூடாரத்தைக் காட்டினாள். 2000-ஆவது வருஷத்துக்காகக் கட்டியது. பன்னிரண்டு மஞ்சள் தூண்களில் தொங்கும் வெள்ளைக் குடை. யூனிஸ் அதன் துணியைக் கிழித்துவிட்டது. கிழிந்த பக்கம் உள்ளே எலும்புகள் தெரிகின்றன, நார்நாராகத் துணி ஆடுகிறது. பக்கத்தில் நின்று என் குடையை விரித்தேன். மூன்று கம்பி மடங்கி, ஒரு பக்கம் துணி தொங்கியது. இரண்டையும் சேர்த்து அவள் ஒரு படம் எடுத்தாள். குடையை ஸ்டேஷன் வாசல் குப்பைத் தொட்டியில் போடப் போனேன். அதில் ஏற்கெனவே நாலு குடை இருந்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் திருச்சிக்காரர் ஒருவர், மகளின் பிரசவத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். ஓடுபாதைக்கு நகரும்போது விமானியின் குரல் வந்தது. நல்ல மென்மையான குரல், ரேடியோ 4 குரல். காற்று இருக்கிறது, மேலே ஏறும்போது “எ லிட்டில் பம்பி” ஆக இருக்கலாம் என்றார்.

நான் பெல்ட்டை இறுக்கி, இன்னும் ஒரு தடவை இறுக்கி, எதிரில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் பைக்குள் திணித்து, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தேன்.

“லிட்டில்தானே சொன்னாரு?” என்றார் திருச்சிக்காரர். அவர் கையில் மூடி இல்லாத டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ்.

“அதைக் குடிச்சிடுங்க” என்றேன்.